பழைய துவக்கும் உருக்குச் சன்னமும்

1

சம்பந்தி வீட்டுக்கு முதல்முறை போகும்போது எங்கள் ஆட்கள் என்ன கொண்டுபோவார்கள்? பழம், கேக், ஒரு தட்டு மட்டன் றோல்ஸ். கை கொஞ்சம் தாராளமென்றால் ஒரு சாறி. போன ஒக்டோபரில், தாங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று நான் இவற்றோடு ஒரு பெட்டி துவக்குத் தோட்டாவும் கொண்டுபோனேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள், என் மகள் யாரோ கொள்ளைக்காரன் வீட்டில் வாழ்க்கைப்படப் போகிறாள் என்று நினைக்க வேண்டாம். மாப்பிள்ளை கெவின் மின்சார வேலை செய்கிறவன், வெள்ளைக்காரப் பெடியன், அமைதியானவன். அவனுடைய தாய் ஷெரில் கணவனை இழந்தவர். ரொறன்ரோவுக்கு வடகிழக்கே ஸ்கூகொக் ஏரியைத் தாண்டி ஒரு பழைய வீட்டில் தனியாக இருந்து பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். இலை உதிர் காலம் வந்தால் வாத்து வேட்டைக்குப் போவார். அங்கே அது வழக்கம். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் காலையில் கடற்கரைக்குப் போய் மீன் வாங்கி வருவதைப் போல.

என் மகள் டிலானி, நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினோராம் மாடியில் இருந்த காலத்தில் பிறந்தவள். இப்போது ஒரு பல் வைத்தியரிடம் பற்களைத் துப்புரவு செய்யும் வேலை. வீட்டில் தமிழ் விளங்கும். பாதித் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள்.

"அப்பா, ப்ளீஸ், டோன்ற் பிறிங் எனிதிங் வியேட்," விநோதமான எதுவும் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"வெறுங்கையோட போறதே?" என்றாள் என் மனைவி றெஜினா. "பெட்டையக் குடுக்கிற வீடு. அவ என்ன விரும்புவா எண்டு கேட்டனீங்களே?"

கேட்டேன். வாத்துச் சுடுவது என்று கெவினிடமிருந்து பதில் வந்தது. அப்படித்தான் தோட்டா.

2

எனக்குத் துவக்கு லைசென்ஸ் இருக்கிறது என்று சொன்னால் நாங்கள் இப்போது இருக்கும் மோர்னிங்சைட்டில் ஒருவரும் நம்புவதில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மன்னாரிலிருந்து கொழும்பு, அங்கிருந்து ஒரு கப்பல், பிறகு இத்தாலி, ஜேர்மனி, கடைசியில் கனடா. இங்கே வந்த பிறகும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. இப்போதுதான் மிசிசாகாவில் விமானச் சரக்குக் கொட்டகையில் ஒரே வேலையில் தங்கியிருக்கிறேன். இடையில் இரண்டு இலை உதிர் காலம் வடக்கே ஒரு வேட்டைக்காரர் விடுதியில் சமையல் செய்தேன். அங்கே வேலை செய்பவர்கள் விருந்தாளிகளின் துவக்குகளை எடுத்து வைக்க வேண்டியிருந்ததால் முதலாளி என்னைப் பாதுகாப்பு வகுப்புக்கு அனுப்பினார்.

துவக்கு வைத்திருப்பவனைக் கண்டால் ஒதுங்கி நின்று பழகியவன் நான். சோதனைச் சாவடியில் கையை உயர்த்தத் தெரியும், துவக்கைத் தூக்கத் தெரியாது. பரீட்சையில், துவக்கின் பின்பக்கத்தைத் திறந்து வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், செய்வதை வாயாலும் சொல்ல வேண்டும். "நான் இப்போது திறக்கிறேன்" என்று சொல்ல நினைத்துப் பதற்றத்தில், சுடத் தொடங்கு என்று அர்த்தம் வரும்படி "ஓப்பின் ஃபயர்" என்று சொல்லிவிட்டேன். பரீட்சகர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "இன்னொருமுறை ஆறுதலாகச் சொல்லும்" என்றார். பாஸ் பண்ணினேன். விண்ணப்பத்தில் இரண்டு பேர் எனக்காகச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது, முன்பு வாழ்க்கைத் துணையாக இருந்தவர் உண்டா என்றுகூடக் கேட்டிருந்தது. ஒரு துவக்கைத் தொடுவதற்கு முன்னால் இத்தனை கேள்வி கேட்கும் நாட்டைப் பார்த்து எனக்கு எரிச்சல் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது.

அதைவிட ஆச்சரியம் வாத்துச் சட்டம். முன்பெல்லாம் தோட்டாவுக்குள் ஈயச் சன்னம்தான், சின்னச் சின்னக் குண்டுகளாக, இருந்ததாம். சுட்ட சன்னம் ஏரி அடியில் போய்க் கிடக்கும். வாத்து இரை செரிக்கச் சின்னக் கல் விழுங்கும் பிராணி. கல்லென்று நினைத்து ஈயத்தை விழுங்கி, விஷம் ஏறி மெல்ல மெல்லச் சாகும். சுட்டுக் கொல்லப்படாத வாத்தும் செத்துக்கொண்டிருந்தது. ஆகவே வாத்து வேட்டைக்கு ஈயம் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். ஈயத்துக்குப் பதிலாகப் பெரும்பாலானவர்கள் பாவிப்பது உருக்குச் சன்னம். என் இடது காலுக்குள் யுத்தத்தில் பட்ட ஒரு செல் துண்டு இன்னும் கிடக்கிறது, எடுத்தால் நரம்பு கெடும் என்று விட்டுவிட்டார்கள். வாத்தின் வயிற்றுக்குள் போகும் உலோகத்தைப் பற்றி ஒரு நாடாளுமன்றம் கவலைப்பட்டிருக்கிறது என்று அந்த வகுப்பில் கேட்டபோது நான் கொஞ்ச நேரம் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

வாத்துக்கு உருக்கு. என் தலையில் தங்கியது இவ்வளவுதான். எந்தத் துவக்கில் போடலாம், எதில் போடக்கூடாது என்று அதே வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அது தங்கவில்லை.

கடையில் லைசென்ஸ் அட்டையை நீட்டி, இருப்பதில் நல்ல உருக்குத் தோட்டா தரச் சொன்னேன். உருக்கு என்றால் எங்களுக்கு ஒரு மரியாதை. பானை சட்டியிலிருந்து பரிசுச் சாமான்வரை ஸ்ரீல் என்றால் நல்லது, ஈயமென்றால் மட்டம். வீட்டுக்கு வந்து பெட்டியை மினுங்கும் கடதாசியில் சுற்றி ரிபன் கட்டினேன்.

3

ஷெரில் கடதாசியைக் கிழிக்காமல் பிரித்தார். பெட்டியைக் கண்டதும் பெரிதாகச் சிரித்து என்னைக் கட்டிப்பிடித்தார். றோல்ஸில் நான்கு சாப்பிட்டார். றெஜினாவுக்கு அந்த நேரமே அவரைப் பிடித்துவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்குப் பின்னாலுள்ள வயலுக்குப் போனோம். அந்தக் குடும்பத்தில் தாங்க்ஸ்கிவிங் அன்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு எறிகருவி மண்தட்டுகளை வானத்தில் வீசும், வீட்டார் ஒவ்வொருவராக அவற்றைச் சுட வேண்டும். அதற்கு ஷெரிலின் தகப்பனாருடைய இரட்டைக்குழல் துவக்குத்தான். குழல் முழுவதும் மரவைரத்தில் தெரிவதைப் போல மெல்லிய நெளிகோடுகள். அழகுக்குப் போட்ட வேலைப்பாடு என்று நினைத்தேன். இந்த வருடம் முதலில் டிலானியின் முறை. ஷெரில் பக்கத்தில் நின்று அவளுக்குத் தோளில் வைக்கும் விதத்தைக் காட்டினார். இரண்டு காதுக்கும் மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. பின்பு தன் பையிலிருந்து இரண்டு தோட்டா எடுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஷெரில் பேசியது ஆங்கிலம்தான். நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"எங்கட பெட்டியை உடையுங்கோ ஷெரில்," என்றேன்.

"நன்றி. அது வாத்துக்கு, என்ர மற்றத் துவக்குக்கு. இதுக்கு வேண்டாம்."

"ஒண்டு மட்டும் போட்டுப் பாருங்கோ."

"இல்லை, இதுக்குப் போடேலாது."

"வெக்கப்படாதேங்கோ. உங்களுக்கெண்டுதானே வாங்கினது."

"வேண்டாம். நன்றி."

எங்கள் வீடுகளில் ரீ குடிக்கிறீர்களா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் தரமும் வேண்டாம். மூன்றாம் தரம், "சரி, அரைக் கப்." உடனே ஓம் சொல்பவனைக் காய்ந்தவன் என்பார்கள். முதல் மறுப்போடு கேட்பதை நிறுத்துபவனைக் கஞ்சன் என்பார்கள். நான் ஷெரிலின் மூன்றாம் வேண்டாமுக்குப் பிறகும் விடவில்லை. பெட்டியை நானே உடைத்து நீட்டினேன்.

டிலானி என் முகத்தைப் பார்த்தாள். கெவின் எறிகருவியடியில் குனிந்து நின்றான். ஷெரில் காதுமூடியைச் சரிசெய்ய ஒரு நொடி திரும்பினார். "இற்ஸ் ஜஸ்ற் வன்," என்று மெதுவாகச் சொன்ன டிலானி, என் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வலது குழலில் போட்டுத் துவக்கை மூடினாள். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, துவக்கைத் தோளில் வைத்து விசையில் விரலைப் போட்டாள்.

"டிலானி! திற! இப்பவே!"

ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை ஆசனத்தில் இருத்தும் குரல் அது. டிலானி துவக்கைத் திறந்தாள். ஷெரில் தோட்டாவை எடுத்துத் தன் பொக்கற்றில் போட்டார், துவக்கை உறையில் வைத்துப் பூட்டினார். "இண்டைக்குப் போதும்," என்றார். அவருடைய முகம் வெளிறியிருந்தது. எனக்கு அது கோபமாகத் தெரிந்தது.

பிறகு எல்லோரும் பூசணிப் பை என்ற இனிப்புப் பண்டத்தைச் சாப்பிட்டோம். 

4

அன்று கெவினோடு நிற்க வேண்டிய டிலானி எங்கள் காரில் ஏறிவிட்டாள்.

"கொண்டுபோனதை முகத்தில எறிஞ்ச மாதிரி," என்றாள் றெஜினா. "கட்டிப்பிடிச்சா, றோல்ஸ் திண்டா, பிறகு இந்த வேலை."

"ஷீ யெல்ட் அற் மீ லைக் ஐம் அ கிட்," என்றாள் டிலானி பின் ஆசனத்திலிருந்து. "அதைவிட உங்கட கிஃப்ற்றை, அப்பா... உங்களுக்கு முன்னால. ஐ கான்ற்."

உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளே கொதித்தது.

கெவின் ஒவ்வொரு நாளும் போன் எடுத்தான். டிலானி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தாள். கல்யாண மண்டபத்துக்கு மாத முடிவுக்குள் உறுதி சொல்ல வேண்டும். கேட்டபோது, "பிறகு பாப்பம் அப்பா," என்றாள். "எங்கட ஆக்கள மதிக்காத வீட்டில நான் எப்பிடி இருக்கிறது?" இதை மட்டும் சுத்தத் தமிழில் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

சனிக்கிழமை ஜெராட் அண்ணையிடம் போனேன். எங்கள் தேவாலயத்து ஆள், யாழ்ப்பாணத்துக்காரர், ராக்சி ஓடியவர். வேலைத்தலத்து வெள்ளைக்காரரோடு பழகி வேட்டைக்குப் போகத் தொடங்கியவர். பழைய துவக்கு ஒன்று வைத்திருக்கிறார். நடந்ததைக் கேட்டுவிட்டு வாயைப் பிளந்தார்.

"சம்பந்திக்குத் தோட்டா குடுத்த முதல் தமிழன் நீர்தான் ஐசே. சீர் வரிசையில இனி இதையும் சேர்க்க வேணும்."

"பகிடியை விடுங்கோ அண்ணை. பழைய துவக்குக்கு உருக்குப் போட்டால் என்ன நடக்கும்?"

"ஒரு மண்ணும் நடக்காது. நான் எத்தினை வருசமாப் போடுறன். வன்னியில சைக்கிள் போல்ஸ், அந்த உருக்குக் குண்டை, அடைச்சுப் பண்டி சுட்டவங்கள். அதென்ன ஈயமே? வெடிச்சதே?"

அது நானும் கண்டதுதான். காட்டுப் பக்கத்தில் ஊரிலேயே செய்த கட்டுத்துவக்கு வைத்திருந்தவர்கள் கைக்கு அகப்பட்டதை அடைத்தார்கள். ஆனால் அந்தக் குழல்கள் தண்ணீர்க் குழாய் மாதிரித் தடித்தவை. வாய் எங்கேயும் ஒடுங்காது.

"நம்பாட்டிப் பாரும்," என்று அலுமாரிப் பூட்டைத் திறந்து, துவக்கை எடுத்து, வெறுமை என்று காட்டித் தந்தார். நான் குழலை வெளிச்சத்துக்குப் பிடித்தேன். கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது. பெருவிரலால் வாய்ப்பக்கமாகத் தடவிக்கொண்டு போனேன். முனைக்கு மூன்று விரற்கடை முன்னால் ஒரு மேடு. குழலைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல்.

"அண்ணை, இதென்ன?"

"எது?" தடவிப் பார்த்தார். திரும்பவும் தடவினார். "அது முந்தியே இருந்தது."

"எப்ப முந்தி?"

அவருடைய மனைவி குசினியிலிருந்து குரல் கொடுத்தார்: "வாங்கேக்க நானும்தானே பார்த்தனான். கண்ணாடி மாதிரி இருக்கெண்டு எனக்குத் தடவிக் காட்டினவர்."

ஜெராட் அண்ணை துவக்கை உறையில் போட்டார். செவ்வாய்க்கிழமை துவக்குத் திருத்துகிறவனிடம் கொண்டுபோய்விட்டு எனக்குப் போன் எடுத்தார். குரல் இறங்கியிருந்தது.

"ஐசே, உம்மட சம்பந்தி சொன்னது சரி. பழைய துவக்கில குழல் வாய் ஒடுங்கியிருக்கும், சன்னம் சிதறாமப் போறதுக்கு. ஈயம் மெதுமை, நசுங்கிக்கொண்டு வெளியில போயிடும். உருக்கு நசுங்காது. குழல்தான் விரிய வேணும். அதுதான் அந்த மேடு. புதுத் துவக்கை உருக்குக்கெண்டே செய்யிறாங்கள், அதுக்குப் பிரச்சினை இல்லை. பழசெண்டால் ஆரும் தெரிஞ்சவன் அளந்து சொல்லாமப் போடப்படாது எண்டான்."

"அவவின்ர குழலில நெளிகோடு இருக்கு அண்ணை."

"அதையும் கேட்டன். இரும்பையும் உருக்கையும் கயிறு மாதிரி முறுக்கி, சுத்தி ஒட்டவைச்ச குழலாம். அதுக்கு உருக்குத் தோட்டா எந்தக் காலத்திலயும் இல்லை எண்டான். மேடு விழாது. பிளக்கும். முன்கை பிடிக்கிற இடத்திலேயே பிளந்த கதையும் இருக்காம்."

முன்கை பிடிக்கிற இடத்தில் டிலானியின் இடதுகை இருந்தது.

5

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுத் தனியாக ஷெரிலிடம் போனேன். காலை பஸ் ஓட்டம் முடிந்து வந்து, பின்னேர ஓட்டத்துக்கு முன்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையுறையைக் கழற்றினார். நானும் நாலு விறகை எடுத்து அடுக்கினேன். பிறகு கோப்பி போட்டார்.

"நீங்கள் சரி, நான் பிழை," என்றேன். என் ஆங்கிலத்தில் இதற்குமேல் சுற்றி வளைக்க வசதியில்லை.

அவர் துவக்கைக் கொண்டுவந்து திறந்து, குழலின் வாய்விளிம்பைக் காட்டினார். ஒரு சத நாணயத்தின் தடிப்பும் இல்லை. ஒவ்வொரு வருடமும் துவக்குத் திருத்துகிறவரிடம் காட்டி, அவர் சொல்லும் பலம் குறைந்த ஈயத் தோட்டாவை மட்டும், அதுவும் மண்தட்டுக்கு மட்டும் பாவிப்பாராம். பழைய துவக்கோடு வாத்துக்குப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு பிஸ்மத் என்று மெதுமையான இன்னொரு உலோகச் சன்னம் இருக்கிறது, சட்டமும் அனுமதிக்கிறது, ஆனால் அதையும் துவக்குக்குத் தோதான தோட்டாவில் வாங்க வேண்டும் என்றார். நான் ஒரு மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இடையில் மறித்தேன்.

"அண்டைக்கே இதை எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னன். மூண்டு தரம் சொன்னன்."

நான் சிரித்துவிட்டேன். எங்கள் அரைக் கப் ரீ வழக்கத்தை அவருக்கு விளங்கப்படுத்தினேன். அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், பிறகு துடைப்பதை நிறுத்தவில்லை.

"கெவின் சொன்னான், அவ இனி வரமாட்டா எண்டு," என்றார். "நான் கத்தேக்கயே எனக்குத் தெரியும். புது மருமகள், உங்களுக்கு முன்னால, நீங்கள் கொண்டுவந்த சாமான். ஆறுதலாச் சொல்லுவம் எண்டு நினைக்க ஒரு நொடி போகும். விசையில அவவின்ர விரல் இருந்தது. என்னை வெறுத்தாலும் பத்து விரலோட வெறுக்கட்டும் எண்டு நினைச்சன்."

இங்கே வந்த காலத்தில் இந்த வெள்ளைக்காரச் சனங்களைப் பற்றி எங்களுக்குள் ஒரு கதை இருந்தது. சிரிப்பார்கள், சுகம் விசாரிப்பார்கள், உள்ளே ஒன்றும் இராது என்று. நானும் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு சம்பந்தியின் மனம் நோகக் கூடாதென்று எங்கள் ஆட்கள் எத்தனை பிழைகளைக் கண்டும் காணாமல் விடுவோம். அந்த வயலில் நானோ றெஜினாவோ ஷெரிலின் இடத்தில் நின்றிருந்தால், "சரி, ஒண்டுதானே," என்றிருப்போம். மரியாதைக்காக. இந்த மனிசி மரியாதை, உறவு, மகனின் கல்யாணம் எல்லாவற்றையும் ஒரு நொடியில் தூக்கி ஒருபக்கம் வைத்துவிட்டுக் கத்தினார். நாலு நாடு பார்த்திருக்கிறேன். அப்படிக் கத்தக்கூடியவர்களை அதிகம் பார்க்கவில்லை.

6

அன்று பின்னேரம் டிலானியின் வேலைத்தலத்துக்கு வெளியே காரில் காத்திருந்தேன். ஏறியதும், "வை ஆர் யூ ஹியர்? அம்மாவுக்கு ஏதும்?" என்று பதறினாள்.

"ஒண்டுமில்லை. ஷெரிலிட்டப் போட்டு வாறன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெராட் அண்ணையின் குழலில் இருந்த மேட்டைச் சொன்னேன். முறுக்கிய குழல் எப்படிப் பிளக்கும் என்று சொன்னேன். அவளுடைய இடதுகை எங்கே இருந்தது என்று சொன்னேன். அவள் கைப்பையின் வாரைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்களுக்கு நோகேல்லையா அப்பா? ஐ டிட் இற் ஃபோர் யூ."

"தெரியும் பிள்ளை. எனக்கு நோகக் கூடாதெண்டு போட்டனீ. எனக்கு நொந்தாலும் பரவாயில்லை எண்டு அவ எடுத்தவ. எது பெரிசு எண்டு நீ யோசி."

பிறகு ஷெரில் சொன்ன அந்த வசனத்தை அவர் சொன்னபடியே ஆங்கிலத்தில் சொன்னேன். வழியில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்ததால் பிழைவிடவில்லை. டிலானி இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். வீடு வரும்வரை கல்யாணத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை. இருபத்தேழு வயதுப் பிள்ளையிடம் அதற்குமேல் தகப்பனுக்குச் சொல்ல என்ன இருக்கிறது.

ஞாயிறு காலை எழும்பிப் பார்த்தால் அவளுடைய கார் இல்லை. பூசைக்குப் போய்வந்தும் தகவல் இல்லை. "எங்க போட்டாள் எண்டு எடுத்துக் கேளுங்கோவன்," என்று றெஜினா நிமிடத்துக்கு ஒருதரம் சொன்னாள். தானே எடுக்கப் பயம். மத்தியானம் டிலானியின் நம்பரை அழுத்தினேன். நெடுநேரம் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தது ஷெரில்.

"அவ இப்ப கதைக்கேலாது," என்றார். பின்னால் அடுப்புக் கதவு திறக்கும் சத்தமும், கெவின் எதற்கோ பேச்சு வாங்கும் சத்தமும் கேட்டன. "பூசணிப் பைக்கு மா பிசையிறா. ரெண்டு கையும் மாவுக்குள்ள. கழுவிப்போட்டு எடுக்கச் சொல்லட்டோ?"

"வேண்டாம்," என்றேன். "ஆறுதலாப் பிசையட்டும்."